மறைக்கும் நிறமும் காட்டும் நிறமும்: உருமறைப்புப் பூச்சு பற்றி நாம் அறிந்திருக்க வேண்டியவை

'வண்டு' சத்தம் கேட்டால் அம்மா முதலில் செய்வது, கொடியில் காய்கிற வெள்ளை உடுப்புகளை இழுத்து எடுப்பதுதான். பிறகுதான் எங்களைப் பதுங்குகுழிக்குள் போகச் சொல்லுவா. தகரக் கூரை வெயிலுக்கு மின்னும் என்று அப்பா அதன் மேல் தென்னோலை போட்டிருந்தார். உழவு இயந்திரப் பெட்டிகளில் குழைகளைக் கட்டிக்கொண்டு சனங்கள் இடம்பெயர்ந்தார்கள். உருமறைப்பு என்ற சொல்லை வன்னியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவை இருக்கவில்லை.

அண்மையில் மன்னாரைச் சேர்ந்த ஒரு இளைஞர் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார். வங்காலைப் பக்கம் வரும் வலசைப் பறவைகளைப் படம் எடுப்பவர். மறைந்திருந்து படம் பிடிக்க ஒரு சிறிய பலகைக் கூடு செய்திருந்தார். ஹாட்வெயார் கடையில் 'ஆமிப் பச்சை' ஸ்பிறே ரின் மூன்று வாங்கி அடித்தும் பறவைகள் கிட்ட வரவில்லை. வழியால் போன பொலிஸார் மட்டும் கிட்ட வந்து, இது என்ன, ஏன் இந்த நிறம் என்று விசாரித்துவிட்டுப் போனார்களாம். "அண்ணை, எந்த நிறம் அடிக்க வேணும்?" என்பதுதான் அவருடைய கேள்வி.

அவருக்குச் சொல்வதற்காகத் தேடி வாசித்தவற்றையும், தேடும்போது நினைவுக்கு வந்த வேறு சிலவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறேன். எங்கள் மண்ணில் இது பெயின்ற் பற்றிய கதையோடு மட்டும் முடிவதில்லை.

கண் எதைப் பிடிக்கிறது?

பச்சைக்குள் பச்சை தெரியாது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் கண் முதலில் பிடிப்பது நிறத்தை அல்ல. அசைவு, மினுக்கம், உருவத்தின் விளிம்பு, நிழல், வானத்துக்கு எதிரே தெரியும் கரிய வடிவம் ஆகியவற்றைத்தான் அது முதலில் பிடிக்கிறது. நிறம் இவற்றுக்குப் பிறகுதான் வரும். மினுங்குகிற பச்சைப் பெயின்ற் அடித்த பெட்டி காட்டுக்குள்ளும் பளிச்சென்று தெரியும். மினுக்கம் இல்லாத மண்ணிறச் சாக்குப் போர்த்திய அதே பெட்டி தெரியாது.

இதை முதலில் ஒழுங்காக எழுதியவர்கள் இராணுவத்தினர் அல்லர். அமெரிக்க ஓவியர் அபொட் தேயர் 1909 இல் விலங்குகளின் மறைநிறம் பற்றிய நூலை வெளியிட்டார். எங்கள் புள்ளிமானைப் பாருங்கள். முதுகு கடும் நிறம், வயிறு வெள்ளை. வெயில் மேலிருந்து விழுவதால் முதுகு வெளிறியும் வயிறு நிழலால் இருண்டும் தெரிய வேண்டும். மேலே கடுமையும் கீழே வெளிர்மையும் இருப்பதால் இரண்டும் ஒன்றையொன்று சமப்படுத்தி, உடல் தட்டையாகத் தெரிகிறது. தட்டையான ஒன்றைப் பின்னணியிலிருந்து பிரித்தறிவது கண்ணுக்குக் கடினம்.

பிரித்தானிய விலங்கியலாளர் ஹியூ கொட் 1940 இல் இதைச் செய்து காட்டினார். ரயில் தண்டவாளத்தில் நிற்கும் இரண்டு பெரிய பீரங்கிகளில் ஒன்றை வழமையான முறையிலும், மற்றதை மேலே கடுமை, கீழே வெளிர்மை என்ற முறையிலும் பூசினார்கள். வானிலிருந்து எடுத்த படங்களில் முதலாவது தெளிவாகத் தெரிந்தது. கொட் பூசியதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

காக்கியிலிருந்து மூன்று நிறம் வரை

'காக்கி' என்பது தூசி என்று பொருள்படும் பாரசீக, உருதுச் சொல்லில் இருந்து வந்தது. பெஷாவரில் 1846 இல் ஹரி லம்ஸ்டன் அமைத்த வழிகாட்டிப் படையணியில்தான் பிரித்தானிய இந்தியாவின் மண்ணிறச் சீருடை தொடங்கியது. அதுவரை சிவப்பு மேலங்கியே பெருமையாக இருந்தது. பிரான்ஸ் 1914 இல் கூடத் தன் வீரர்களைச் சிவப்புக் காற்சட்டையோடு போருக்கு அனுப்பியது. அந்த நிறத்துக்கான விலையை முதல் சில மாதங்களிலேயே அவர்கள் உயிரால் கொடுத்தார்கள். 1915 இல் பிரெஞ்சு இராணுவம் ஓவியர்களைக் கொண்டு ஒரு உருமறைப்புப் பிரிவையே அமைத்தது. அதை நடத்திய கிராண்ட் டி செவோலாவும் ஓவியர்தான்.

கடலில் கதை வேறு. நீர்மூழ்கிகளால் கப்பல்களை இழந்துகொண்டிருந்த பிரித்தானியா 1917 இல் ஓவியர் நோர்மன் வில்கின்சனின் யோசனையை ஏற்றது. கறுப்பு, வெள்ளை, நீலக் கோடுகளைக் கப்பல்களில் தாறுமாறாகப் பூசினார்கள். கப்பலை மறைப்பது அவருடைய நோக்கமாக இருக்கவில்லை. அது எந்தப் பக்கம், எந்த வேகத்தில் போகிறது என்று கணிக்க முடியாமல் எதிரியைக் குழப்புவதே நோக்கம்.

இலங்கையோடு தொடர்புள்ள ஒருவரும் இந்த வரலாற்றில் இருக்கிறார். பேராதனைப் பூங்காவில் 1944 இல் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தை வைத்திருந்த மவுண்ட்பேட்டன் பிரபு, அதற்கு முன் 1940 இல் தன் நாசகாரிக் கப்பல்களுக்கு மங்கிய ஊதா கலந்த ரோசா நிறம் அடிப்பித்தார். அந்த நிறத்துக்கு நெருக்கமான வர்ணம் பூசிய ஒரு பயணிகள் கப்பல் மாலை வெளிச்சத்தில் மற்றக் கப்பல்களுக்கு முன்பே கண்ணிலிருந்து மறைந்ததை அவர் கவனித்திருந்தார். விடியலிலும் பொழுதுபடும் நேரத்திலும் அது ஓரளவு உதவியது. நடுப்பகலில் சாம்பல் நிறத்தை விடக் கூடுதலாகத் தெரிந்தது. எந்த நிறமும் எல்லா நேரத்துக்கும் பொருந்தாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

ஸ்பிறே முறை பெருமளவில் களத்துக்கு வந்ததற்கு ஜேர்மனிய இராணுவத்தை எடுத்துக்கொள்ளலாம். 1943 பெப்ரவரியில் எல்லா வாகனங்களுக்கும் கடும் மஞ்சளை அடிநிறமாக்கிய அவர்கள், பச்சையையும் செம்மண்ணிறத்தையும் பசையாக ரின்களில் அடைத்து முன்னரங்குக்கு அனுப்பினார்கள். வீரர்கள் பெற்றோலில் அல்லது தண்ணீரில் கரைத்து, தாங்கள் நிற்கும் இடத்துக்கு ஏற்றபடி தாங்களே அடித்துக்கொண்டார்கள். இதனால் இரண்டு வாகனங்கள் ஒரே மாதிரி இருப்பது அரிது. பிற்காலத்தில் நேட்டோ நாடுகள் பச்சை, மண்ணிறம், கறுப்பு என்ற மூன்று நிற முறைக்கு வந்தன. ஜேர்மனியில் இவற்றுக்கு ரால் அட்டவணையில் 6031, 8027, 9021 என்று இலக்கங்கள் உண்டு.

எங்கள் நிலத்துக்கு எந்த நிறம்?

மன்னார் இளைஞரின் பிழை, கடைக்காரர் சொன்ன நிறத்தை வாங்கியது. நிறத்தைக் கடையில் தெரிவு செய்யக்கூடாது. நிற்கப்போகும் இடத்தில்தான் தெரிவு செய்ய வேண்டும்.

வடக்கு வரண்ட வலயம். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையான மழைக்குப் பிறகு காடும் வயலும் பச்சை. ஆடி, ஆவணியில் அதே நிலம் வைக்கோல் நிறம். யாழ்ப்பாணத்தில் செம்மண், வன்னியின் உட்பகுதியில் செம்பழுப்பு மண், கரையோரத்தில் வெள்ளை மணல், வங்காலை போன்ற உவர்வெளிகளில் சாம்பலும் வெளிர்மண்ணும் கலந்த நிறம். பனையின் அடிமரம் கூடக் கறுப்பில்லை, சாம்பல் கறுப்பு. இவற்றில் எதற்கும் கடைகளில் விற்கும் கடும் பச்சை பொருந்தாது.

நிறம் தெரிவு செய்ய இலகுவான வழி இது. அந்த இடத்து மண், காய்ந்த புல், மரப்பட்டை மூன்றிலும் ஒரு பிடி எடுத்து வாருங்கள். அவற்றில் ஆக வெளிறியது அடிநிறம், நடுத்தரமானது இரண்டாம் நிறம், ஆகக் கடுமையானது மூன்றாம் நிறம். மூன்று நிறம் போதும். தனிக் கறுப்பைத் தவிருங்கள். இயற்கையில் நிழலும் முழுக் கறுப்பாக இருப்பதில்லை, கடும் மண்ணிறமே போதும். பூசிய பொருளை வைத்துவிட்டு முப்பது மீற்றர் தள்ளி நின்று, கைத்தொலைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். படத்தில் அது பின்னணியை விட வெளிறித் தெரிந்தாலோ இருண்டு தெரிந்தாலோ, நிறம் சரியாக இருந்தும் கடுமையின் அளவு பிழைத்துவிட்டது என்று அர்த்தம்.

ரின்னில் 'மற்' என்று எழுதியிருக்க வேண்டும். 'குளொஸ்' என்று இருந்தால் நிறம் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் பயன் இல்லை.

அடிக்கும் முறை

பொருளைக் கழுவி, எண்ணெய்த் தன்மை போகத் துடைத்து, மெல்லிய மண்தாளால் தேய்த்துக் காயவிட வேண்டும். பிளாஸ்ரிக்குக்கு அதற்கென்றே உள்ள அடிப்பூச்சு தேவை, இல்லாவிட்டால் உரிந்துவிடும். ரின்னை ஒன்று இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள், உள்ளே குண்டு ஓடும் சத்தம் கேட்க வேண்டும். 25 முதல் 30 சென்ரிமீற்றர் தூரத்தில் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் கையை ஓட்டிக்கொண்டு அடியுங்கள். தடிப்பாக ஒருமுறை அடிப்பதை விட மெல்லியதாக மூன்று முறை அடிப்பது நல்லது. தடிப்பானது வழியும், வழிந்தது மினுங்கும். மழைக்குணம் உள்ள நாளில் அடித்தால் பூச்சு வெள்ளை பூத்துப் போகும்.

அடிநிறம் காய்ந்த பிறகு இரண்டாம் நிறத்தைத் திட்டுத் திட்டாக அடிக்க வேண்டும். திட்டு பொருளின் நடுவில் நிற்காமல் விளிம்பைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும். பெட்டியின் மூலையைத் திட்டு கடந்தால்தான் பெட்டி வடிவம் உடையும். மூன்றாம் நிறத்துக்கு வேப்பங்குழையையோ காய்ந்த புல்லையோ மேல் வைத்து அதற்கு மேலால் இலேசாக அடித்தால் இலையின் உரு பதியும். திட்டுகள் மிகச் சிறிதாக இருந்தால் தூரத்தில் எல்லாம் கலந்து ஒரே நிறமாகிவிடும். மேற்பக்கத்துக்குக் கடும் நிறத்தையும் கீழ்ப்பக்கத்துக்கு வெளிர் நிறத்தையும் கூட்டுங்கள். புள்ளிமானின் பாடம் அதுதான்.

வெளியான இடத்தில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று அடியுங்கள். துணி முகக்கவசம் தூசியைத்தான் தடுக்கும், கரைப்பான் ஆவிக்கு வடிப்பான் பொருத்திய முகமூடி வேண்டும். பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ இருக்கக்கூடாது. ரின்னை வெயிலிலோ பூட்டிய வாகனத்துக்குள்ளோ விட வேண்டாம். முடிந்த ரின்னைக் குப்பையோடு போட்டுக் கொளுத்தினால் அது வெடிக்கும். வெடிச்சத்தத்துக்கு இன்னமும் திடுக்கிடுகிற சனங்கள் இருக்கிற ஊர்களில் இதை இரண்டு முறை சொல்லலாம்.

பூச்சால் முடியாதது

பச்சை இலை, எங்கள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பெருமளவு தெறிக்கவிடும். சாதாரணப் பச்சைப் பெயின்ற் அப்படிச் செய்வதில்லை. அகச்சிவப்புக் கருவியில் பார்த்தால் இலைகள் வெளிறியும் பெயின்ற் அடித்த பொருள் இருண்டும் தெரியும். இராணுவப் பூச்சுகளில் குரோமியம் ஒக்சைட் போன்ற நிறமிகளைச் சேர்ப்பது இதற்காகத்தான். வெப்பத்தைப் பார்க்கும் கருவிக்கு முன் அதுவும் போதாது. ஓடிய எஞ்சின், வெயிலில் காய்ந்த இரும்பு, மனித உடல் மூன்றும் எந்த நிறத்துக்கு உள்ளிருந்தும் வெப்பத்தைக் காட்டிக்கொடுக்கும்.

நாங்கள் வண்டு என்று அழைத்த ஆளில்லா விமானங்கள் இஸ்ரேலியத் தயாரிப்புகள். கொடியில் இருந்து உடுப்பை எடுத்தது மினுக்கத்தையும் வெள்ளையையும் மறைத்திருக்கும். அதற்கு மேல் அது எவ்வளவு காப்பாற்றியது என்று நான் இன்று யோசிக்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

படைவீரர் என்று மற்றவர்கள் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு படைவீரரின் உடையையோ அதைப் போன்றதையோ அணிவது இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். இராணுவ உடையை ஒத்த துணிகளை வைத்திருந்ததாகக் கைதுகள் நடந்த செய்திகளை நாங்களும் வெளியிட்டிருக்கிறோம். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பிறகு அவை கூடின. நோக்கம் பறவை பார்ப்பதாக இருக்கலாம். வடக்கில் ஒரு தமிழ் இளைஞர் அதை வீதியில் நின்று விளக்க வேண்டி வரும் என்பதே யதார்த்தம்.

ஆகவே என் ஆலோசனை இது. இராணுவத் திட்டு வடிவத்தையும் வரிவடிவத்தையும் விட்டுவிடுங்கள். மண்ணிறம், சாம்பல், வைக்கோல் நிறங்களில் ஒரே நிறச் சாக்கோ கிடுகோ போதும். பறவைக்கு அது போதுமானது, பொலிஸாருக்கும் விளக்கம் தேவைப்படாது. மோட்டார் சைக்கிளுக்கு நிறம் மாற்ற விரும்புகிறவர்கள், பதிவுச் சான்றிதழில் நிறமும் குறிக்கப்பட்டிருப்பதை மறக்க வேண்டாம். நிறத்தை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். ஊடகவியலாளர்கள் எந்த இடத்திலும் உருமறைப்பு உடை அணியக்கூடாது. எங்கள் பாதுகாப்பு, நாங்கள் யார் என்று தெரிவதில்தான் இருக்கிறது.

நிறத்தை நம்பக்கூடாத இடம்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் வீட்டில் வாசித்துக் காட்டுவதென்றால் இதை வாசியுங்கள்.

வெடிபொருட்களுக்கும் நிற ஒழுங்கு உண்டு. நேட்டோ முறையில் கடும் பச்சை உடலில் மஞ்சள் எழுத்தோ வளையமோ இருந்தால் உயர்சக்தி வெடிமருந்து, நீலம் என்றால் பயிற்சிக்கானது. இதை எங்கேயோ படித்துவிட்டு, நீலமாக இருக்கிறது, பயமில்லை என்று யாரும் தொடக்கூடாது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒழுங்கு வேறு, இங்கே பல நாட்டுப் பொருட்கள் வந்து விழுந்தன. போர் முடிந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் மண்ணிலும் உவர்நீரிலும் கிடந்தவற்றில் பெயின்ற் உரிந்திருக்கும், துரு ஏறியிருக்கும், பிளாஸ்ரிக் வெளிறியிருக்கும். ஜொனி மிதிவெடி மரப்பெட்டிக்குள் செய்யப்பட்டது. மண்ணுக்குள் அது உக்கிய பலகைத் துண்டு போலத்தான் இருக்கும். மிகக் குறைந்த உலோகம் உள்ள பிளாஸ்ரிக் மிதிவெடிகளும் இங்கே புதைக்கப்பட்டன. கண்ணிவெடி அகற்றும் பணியில் இருக்கும் எங்கள் பெண்கள் பல இடங்களில் வெயிலில் குந்தியிருந்து மண்ணை வாரியால் சாண் சாணாக வாரித் தேடுவது இதனால்தான்.

இலங்கை 2017 டிசம்பரில் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. நிலத்தைத் துப்புரவாக்க அதன்படி கொடுக்கப்பட்ட காலம் 2028 ஜூன் 1 வரை. அதுவரைக்கும், அதன் பிறகும், பழைய இரும்பு பொறுக்குகிறவர்களும் புதிதாகக் காணி வெட்டுகிறவர்களும் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். தெரியாத பொருள் எந்த நிறத்தில் இருந்தாலும் தொட வேண்டாம், எறிய வேண்டாம், நெருப்பில் போட வேண்டாம். வந்த காலடியிலேயே திரும்பி, தூரத்தில் ஒரு அடையாளம் வைத்து, 119 க்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். வெடிபொருள் இல்லை என்று உறுதியான பழைய இராணுவ இரும்பைக் கூட உலர்வாகத் தேய்க்கவோ, பெயின்ற் எரிய வெட்டவோ வேண்டாம். பழைய பச்சைப் பூச்சுகளிலும் அடிப்பூச்சுகளிலும் ஈயமும் குரோமேற்றும் இருக்கலாம்.

காட்ட வேண்டிய நிறம்

போரில் உருமறைப்புச் செய்வது குற்றமல்ல. 1977 ஆம் ஆண்டின் ஜெனீவா மேலதிக நெறிமுறை ஒன்று, 37 ஆவது உறுப்புரையில் அதை அனுமதிக்கப்பட்ட போர்த் தந்திரமாகவே குறிப்பிடுகிறது. அதே உறுப்புரை, பொதுமகன் போல நடித்துக் கொல்வதை வஞ்சகம் என்று தடைசெய்கிறது. இலங்கை அந்த நெறிமுறையில் இணையவில்லை. ஆனால் இலங்கை ஒரு தரப்பாக உள்ள 1949 ஜெனீவா உடன்படிக்கைகளில், மறைவதற்கு எதிரான ஒரு ஏற்பாடு இருக்கிறது. வைத்தியசாலைகள் வெள்ளைப் பின்னணியில் செஞ்சிலுவையோ செம்பிறையோ பூசி, தரையிலிருந்தும் வானிலிருந்தும் தெரியும்படி தங்களைக் காட்டிக்கொள்ளலாம். அப்படிக் காட்டுகிறவர்களைத் தாக்கக்கூடாது.

வன்னியில் கூரைகளை ஓலையால் மூடிய அதே நாட்களில், வைத்தியசாலைக் கூரைகளில் செஞ்சிலுவை வரையப்பட்டிருந்தது. ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் வெளியிட்ட அறிக்கை, வன்னியில் இருந்த எல்லா வைத்தியசாலைகளும் எறிகணைக்கு இலக்காகின, சில மீண்டும் மீண்டும் இலக்காகின, அவற்றின் அமைவிடங்கள் அரசாங்கத்துக்கு நன்கு தெரிந்தே இருந்தன என்று சொல்கிறது. அதற்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

மன்னார் இளைஞர் தன் கூட்டின் பச்சையைத் தேய்த்து எடுத்துவிட்டார். இப்போது மணல் நிறம் அடித்து, மேலே சாம்பல் நிறச் சாக்கும், இரண்டு பக்கமும் கிடுகும் கட்டியிருக்கிறார். போன கிழமை ஒரு படம் அனுப்பினார். பூநாரைகள் நல்ல கிட்டத்தில், ஒன்று கூட்டைத் திரும்பியும் பார்க்காமல் நிற்கிறது. கூட்டின் பின்பக்கம், வீதியால் போகிறவர்களுக்குத் தெரியும்படி, தன் பெயரையும் 'பறவை பார்க்கும் இடம்' என்பதையும் வெள்ளை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாராம்.